பானையைக் கவிழ்த்த மாப்பிள்ளை

பெரியகல்லாற்றுக் கோணாமலையிடம் சுட்டு வேட்டையாடத் துவக்கு இல்லை, பானை இருந்தது. துவக்கு வைத்திருக்க அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பானைக்கும் அனுமதி கேட்கும் அளவுக்கு வெள்ளைக்கார அரசாங்கம் அந்த முப்பதுகளில் முன்னேறியிருக்கவில்லை.

ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில், காட்டு வாத்துகளான தாராக்கள் மேயும் இடத்தில் முதலில் வெறும் பானைகளைக் கவிழ்த்து மிதக்க விடுவார். தாராக்கள் பயப்படும், பிறகு சந்தேகப்படும், கடைசியில் பானைகளைச் சொந்தக்காரராக ஏற்றுக்கொள்ளும். அப்போது, கண்ணுக்குத் துளை போட்ட பானையொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் மெல்ல நடந்து, பக்கத்தில் வந்த தாராவின் காலைப் பிடித்து உள்ளே இழுத்து, இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொள்வார். அது முக்குளிக்கப் போயிருக்கிறது என்று மற்றவை நம்பும்.

இத்தகைய நிபுணர் சீதேவிப்பிள்ளையைப் பெண் கேட்டார். பெண்ணுக்குச் சம்மதம். தாய் அன்னப்பூரணிதான் யோசித்தார். எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே குடிவர வேண்டும். வருகிறவர் சட்டியை நிரப்புவாரா, காலியாக்குவாரா என்று பார்க்கத்தானே வேண்டும்?

"மாமாங்கக் கோயில்ல கொடி ஏறினா மறுகா மச்சம் மாமிசம் இல்ல. அதுக்கு முதல் என்ர அடுப்பில தாராக் கறி கொதிக்கவேணும். இல்லாட்டி வேற மாப்பிள்ள பாக்கிறன்" என்றார் அன்னப்பூரணி.

கோணாமலை பானைகளை மிதக்க விட்டார். மறுநாள் அவற்றைக் காணவில்லை. திரும்பவும் விட்டார், திரும்பவும் காணவில்லை. பானையோடு பழகாத தாராக்கள் பானைத் தலையைக் கண்டதும் பறந்தன. முதலையைச் சந்தேகித்தார். ஆனால் முதலைக்குப் பானை எதற்கு? அது சமைத்தா சாப்பிடுகிறது?

கொடியேற்றம் நெருங்கிவிட்டது. மிஞ்சியிருந்தது துளை போட்ட பானை மட்டும். அதைக் கவிழ்த்துக்கொண்டு விடியலில் இறங்கியவர், வெயில் ஏறும்வரை அசையாமல் நின்றார். தாராக்கள் மனமிரங்கின. நாலைந்து அவருடைய இடுப்புக் கயிற்றில் ஏறிய நேரம், ஒரு தோணி வந்தது.

"இஞ்ச பாருகா புள்ள! ஆறு இண்டைக்கும் ஒரு பானை தந்திருக்கு!"

பானை மேலே போனது. கீழே கோணாமலையின் தலை இருந்தது.

அன்னப்பூரணி அலறிய அலறலில் தோணி ஆடியது. பின்னால் சவள் வலித்துக்கொண்டிருந்த சீதேவிப்பிள்ளை சிரித்தாள்.

"மாமி, மத்தப் பானையள்...?"

"அதுகள் தண்ணியில சும்மா வந்ததுகள். ஆருர பானை எண்டு எனக்கென்ன தெரியும்?"

"ரெண்டில நெல்லு அவிக்கிறம். ஒண்டில புளி கிடக்கு" என்று சீதேவிப்பிள்ளை சாட்சி சொன்னாள்.

"வாயப் பொத்துகா!"

ஊரைக் கூட்டியிருக்கலாம். கோணாமலை கூட்டவில்லை. இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தாராக்களைத் தோணிக்குள் போட்டார்.

"இருக்கட்டும் மாமி. நான் குடிவரப்போற வீட்டுக்கு என்ர சாமான் முந்திப் போயிருக்கு. மறுகா நானும் வாறன்."

அன்னப்பூரணி ஒவ்வொரு தாராவாகத் தூக்கிப் பார்த்தார். கொழுத்தவை.

"ஏறு மகன். ஒள்ளுப்பம் சூடா ஏதும் குடிச்சிட்டுப் போ. தண்ணிக்குள்ள நிண்டு விறைச்சுப்போனாய்."

அன்று ஆற்றில் தூக்கிய பானையையும் அவரே திருப்பிக் கொடுத்தார். துளை விழுந்த பானை சமையலுக்கு உதவாது.