ரொட்டி விழாத வருஷம்

செலஸ்தினுக்கு வாய் ஓயாது. எங்கள் பள்ளத்தாக்கில் மாட்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. தபால் நிலையத்தில் பேசுவாள், பால் கடையில் பேசுவாள், ஆளே இல்லாவிட்டால் கோழியோடு பேசுவாள். ஆளும் தபாலும் ஏற்றும் மஞ்சள் தபால் பஸ்ஸை மலைமேல் ஓட்டிக்கொண்டு வரும்போது மட்டும் உதட்டைத் தைத்துவிட்ட மாதிரி இருப்பாள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம். அங்கே யாருக்குத்தான் பேச்சு வரும்? கொண்டை ஊசி வளைவு வந்தால் ஹாரனை அழுத்துவாள். அந்த மூன்று ஸ்வரம் ஊர் முழுக்கக் கேட்கும். "செலஸ்தின் வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே காப்பிக் கடைக்காரர் அவளுக்குக் கோப்பையை எடுத்து வைப்பார்.

அந்த ஓயாத வாய்தான் அவளை மறுபடி ஜெனீவா பக்கமே போகவிடாமல் செய்தது.

அவள் புருஷன் ஃபிர்மேன் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவன் அப்பா காலத்துச் சட்டம். புது வருஷம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மேஜை நடுவில் சின்ன அடுப்பு வைத்து, அதன்மேல் சீஸ் சட்டியை ஏற்றுவார்கள். சட்டியில் ஒயினோடு சேர்ந்து சீஸ் உருகிக் கொப்பளிக்கும். ஆளுக்கொரு நீளமான முள்கரண்டி. ரொட்டித் துண்டைக் குத்தி, முக்கி, சுழற்றி எடுத்துத் தின்ன வேண்டும். மற்ற வீடுகளில் ரொட்டி சட்டிக்குள் விழுந்துவிட்டால் ஒரு பாட்டில் ஒயின் வாங்கிக் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு முத்தம். இந்த வீட்டில் அந்தச் சில்லறை விளையாட்டெல்லாம் கிடையாது. ரொட்டியை விட்டவர் ஆட்டத்திலிருந்து வெளியே. கடைசிவரை விடாதவர் எந்த ஊரைச் சொல்கிறாரோ, அந்த ஊருக்குத்தான் அந்த வருஷம் குடும்பமே விடுமுறைக்குப் போக வேண்டும்.

"விழுந்தா விழுந்ததுதான். சட்டம்னா சட்டம்" என்பான் ஃபிர்மேன். சொல்ல மாட்டானா பின்னே? கல்யாணம் ஆன நாளாக ஜெயிப்பவன் அவன்தானே! மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அவன் சொல்கிற ஊரும் மாறாது: பக்கத்துப் பள்ளத்தாக்கு. அங்கேயும் இதே பாறை, இதே பசு, இதே புல்.

"மலைலேர்ந்து கெளம்பி மலைக்குப் போறதுக்குப் பேரு லீவா?" என்பாள் செலஸ்தின்.

"அது வேற மலை" என்பான் ஃபிர்மேன், படு சீரியஸாக.

மூன்றாவது ஆள் ஜெர்மேன். ஃபிர்மேனின் தங்கை, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், ஊரில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். செலஸ்தினும் அவளும் ஒரே வகுப்பு. நாத்தனார் ஆவதற்கு முன்பே அவள் செலஸ்தினுக்கு வாய்த்த தலைவலி.

அந்தத் தலைவலி தொடங்கியது ஜெனீவாவில்தான். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சுற்றுலா அழைத்துப் போனார்கள். போகும் வழியெல்லாம் சின்னப் பெண் செலஸ்தின் அளந்தாள்: ஏரிக்கு நடுவில் ஒரு நீரூற்று இருக்கிறது, தண்ணீர் நம்ம தேவாலயக் கோபுரத்தைவிட உயரமாகப் போகும், மேகத்தைத் தொடும், நான் காட்டுகிறேன் பாருங்கள் என்று. போய் இறங்கினால் ஆளைத் தள்ளும் வாடைக்காற்று. காற்று பலமாக வீசினால் அந்த ஊற்றை நிறுத்திவிடுவார்கள். ஏரி வெறுமனே கிடந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு ரயிலேறினார்கள். "எங்கடி உன் நீரூற்று?" என்று அன்றைக்கு ஜெர்மேன் கேட்ட கேள்வியை இன்றுவரை விடவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட, "என்னடி, உன் நீரூற்று மாதிரி ஆயிடுச்சா?" என்பாள். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். செலஸ்தினும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உள்ளே சுருக்கென்று தைக்கும். ஒரே ஒரு தடவை அந்தத் தண்ணீர் எழும்புவதை ஜெர்மேனின் கண்ணெதிரே காட்டிவிட வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு இருந்ததில்லை.

ஆசை இருந்து என்ன? மேஜையில் ஜெர்மேன் நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். செலஸ்தின் பதில் சொல்ல வாயைத் திறப்பாள், கையும் கூடவே பேசும், ரொட்டி தொப்பென்று சட்டிக்குள் போய்விடும். வருஷா வருஷம் இதே கதை.

இந்த வருஷம் செலஸ்தின் மேஜைக்கு வந்தபோது கையில் ஒரு தகரப் பலகை இருந்தது. பழைய பஸ் ஒன்றை உடைத்தபோது பணிமனையில் கேட்டு வாங்கி வந்தது. அதைத் தன் தட்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள். வெள்ளையில் கறுப்பு எழுத்து: ஓட்டுநருடன் பேசாதீர்.

"இது என்ன கூத்து?" என்றான் ஃபிர்மேன்.

செலஸ்தின் பலகையை விரலால் தட்டிக் காட்டினாள். முள்கரண்டியை ஸ்டியரிங் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்தாள்.

ஜெர்மேன் விடுவாளா? ஆரம்பித்தாள். "ஏண்டி, கோழிக்கு ஒடம்பு சரியில்லையாமே?" பதில் இல்லை. "தபால்காரர் பொண்ணுக்கு மாப்ளை பார்த்திருக்காங்களாம், யாருன்னு தெரியுமா?" ஐயோ, செலஸ்தினுக்கு அது தெரியும்! ஊரில் முதலில் தெரிந்துகொண்டதே அவள்தான்! நாக்கு நுனிவரை வந்த பெயரை ஒயினோடு விழுங்கினாள். ரொட்டி பத்திரமாக வாய்க்கு வந்து சேர்ந்தது.

"சரி, ஜெனீவால அந்த நீரூற்றுன்னு ஒண்ணு நெஜமாவே இருக்கா? இல்ல அதுவும் உன் கட்டுக்கதையா?"

செலஸ்தினின் காது சிவந்தது. அடுத்த துண்டைக் குத்தினாள். முக்கினாள். சுழற்றினாள்.

சீஸ் பாதியாக வற்றியதும் ஜெர்மேன் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "போன வாரம் சர்ச் வளைவுல பஸ்ஸை செவுத்துல ஒரசிட்டியாமே? ஊரே பேசுது."

அடிப்பாவி! இத்தனை வருஷத்தில் அவள் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததுண்டா? செலஸ்தின் கோபத்தில் வாயைத் திறக்கப் போனாள். வளைவு! அவளுக்குச் சட்டென்று புரிந்தது, இது வளைவு. வளைவில் யாராவது பேசுவார்களா? நிமிர்ந்து உட்கார்ந்து, ஜெர்மேனின் முகத்தைப் பார்த்து, மூக்கால் ஹாரன் அடித்தாள். அந்த மூன்று ஸ்வரமும் அச்சு அசலாக வந்தது.

ஜெர்மேனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது, கை குலுங்கியது, அவள் ரொட்டி சட்டிக்குள் முழுகியே போய்விட்டது.

"விழுந்தா விழுந்ததுதான்" என்றான் ஃபிர்மேன், தங்கை என்றும் பாராமல்.

இனி இரண்டே பேர். ஃபிர்மேனுக்கு ஒரு பலவீனம் உண்டு என்பது பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா? சட்டி அடியில் சீஸ் பொன்னிறமாகப் பிடிக்குமே, அந்தக் காந்தல் என்றால் அவன் உயிரையே விடுவான். எப்போதும் எதிராளியெல்லாம் முன்னாடியே ஒழிந்துபோவார்கள். அவன் நிம்மதியாகச் சுரண்டித் தின்பான். இன்றைக்கு எதிரே ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். காந்தல் வாசனை வேறு கிளம்பிவிட்டது. செலஸ்தின் மேலாகத் தொட்டுத் தொட்டு எடுத்தாள், அடிப்பக்கம் போகவே இல்லை. ஃபிர்மேன் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி சட்டியைப் பார்த்தான். பொறுக்கவில்லை. ரொட்டியோடு முள்கரண்டியை அடியில் விட்டு ஒரு நெம்பு நெம்பினான். காந்தல் பெயர்ந்தது. ரொட்டியும் பெயர்ந்து போனது.

சட்டி மட்டும் கொப்பளித்தது. செலஸ்தின் தன் துண்டை மெதுவாக எடுத்து, மென்று, விழுங்கி, பலகையைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஜெனீவா!" என்று கத்தினாள். அதன்பிறகு வாயை மூடவே இல்லை. தபால்காரர் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

ஃபிர்மேன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "அங்க மலை உண்டா?" என்று மட்டும் கேட்டான்.

"வந்து பாரு" என்றாள் செலஸ்தின்.

திட்டம் போடுவதில் அவளுக்குப் புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. வருஷக்கணக்காகக் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை அணைத்துவிட்டு ஜெனீவாவிலிருந்து வரும் பயணிகளின் வாயைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். எரித்திரியாவிலிருந்து வந்து அங்கே சமையல் செய்யும் கிடானே என்பவர், புளித்த மாவில் தோசை மாதிரி ரொட்டி சுடும் தெருவைச் சொல்லியிருந்தார். அவா என்கிற செனகல்காரி நர்ஸ், ஏரிக்குள் நீண்டு போகும் குளியல் துறையைச் சொல்லியிருந்தாள். அங்கே பெரிய வக்கீலும் பாத்திரம் கழுவுகிறவனும் ஒரே பெஞ்சில் துண்டு விரித்துப் படுத்திருப்பார்களாம். செலஸ்தின் கெட்டிக்காரி. தன் ஆசையை முன்னால் வைக்கவில்லை. ஃபிர்மேனுக்காகப் பழைய மரப்படகுகளைப் பழுதுபார்க்கும் துறையைச் சேர்த்தாள். ஜெர்மேனுக்காக ஒவ்வொரு நாளும் ஒரு தேசத்து ரொட்டி என்று வைத்தாள். அவள் அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள், ஆனால் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டாள். தனக்கென்று செலஸ்தின் வைத்துக்கொண்டது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

இரண்டாவது புல்லறுப்பு முடிந்து, செப்டம்பரில் ரயிலேறினார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஜெர்மேனின் தொப்பி பறந்தது.

வாடைக்காற்று.

ஏரிக்கரைக்கு வந்தார்கள். அலை வந்து சுவரில் மோதியது. நடு ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எழும்பவில்லை. ஜெர்மேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"என்னடி, உன் நீரூற்று எங்க? லீவுல போயிருக்கா?"

செலஸ்தினுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஃபிர்மேன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வாடைக்காற்று மேகத்தையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. ஏரிக்கு அந்தப்பக்கம், வீடுகளுக்கு மேலே, மோன் பிளான் சிகரம் முழுசாக வெள்ளை வெளேரென்று நின்றது.

"அம்மாடி" என்றான் ஃபிர்மேன். "மலைமேலயே கெடந்தா மலை கண்ணுக்குத் தெரியறதில்ல, செலஸ்தின்."

அன்றிலிருந்து அவனைப் பற்றிய கவலை விட்டது. தினமும் ஏரிக்கரைப் பெஞ்சில் ஒரு சூடான்காரக் கிழவரோடு உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் பேச்சு எப்படி நடந்ததோ, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஜெர்மேன் எரித்திரியா ரொட்டியை முதல் வாய் தின்றுவிட்டு "புளிக்குது" என்றாள். இரண்டாவது தட்டு கேட்டாள். அடுப்படிக்குள்ளேயே போய் மாவு எத்தனை நாள் புளித்தது என்று விசாரித்தாள். எல்லாம் செலஸ்தின் போட்ட திட்டப்படியே நடந்தது. காற்றுக்கு மட்டும் திட்டம் தெரியவில்லை. ஒவ்வொரு காலையிலும் ஜன்னலைத் திறந்தாள், ஒவ்வொரு காலையிலும் திரைச்சீலை முகத்தில் அடித்தது.

கடைசி நாள். மத்தியானம் ரயில். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. "பார்த்தது போதும், ஒரு முழுக்காவது போட்டுட்டு வர்றேன்" என்று செலஸ்தின் குளியல் துறைக்குப் போனாள். ஃபிர்மேன் துண்டோடு கூடவே போனான். ஜெர்மேன் ஒரு பிஸ்தா ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு படித்துறைச் சுவரில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் சில்லிட்டது. செலஸ்தின் பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தினாள். கொஞ்ச தூரம் போனதும் என்னவோ மாறியிருப்பது போல இருந்தது. அலை முகத்தில் அடிக்கவில்லை. கொடிகள் கம்பத்தில் தொங்கிக் கிடந்தன. காற்று விட்டுவிட்டது.

அப்போது எதிரே ஏரியிலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பியது. முதலில் ஆள் உயரம். பிறகு மரம் உயரம். பிறகு, சாமி சத்தியமாக, நம்ம தேவாலயக் கோபுரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது! உச்சியில் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. செலஸ்தின் கத்த வாயைத் திறந்தாள், ஏரி உள்ளே போனது. தும்மினாள், இருமினாள், அழுதாள், சிரித்தாள். எல்லாம் ஒரே நேரத்தில். திரும்பி ஜெர்மேனைப் பார்த்தாள்.

ஜெர்மேன் எழுந்து நின்றிருந்தாள். அண்ணாந்த தலை, திறந்த வாய். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கை மெதுவாகச் சாய்ந்தது. பிஸ்தா ஐஸ்கிரீம் கூம்போடு நழுவி, தொப்பென்று ஏரிக்குள் விழுந்தது.

"விழுந்துடுச்சு!" என்று செலஸ்தின் தண்ணீரிலிருந்தே கூவினாள். துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஃபிர்மேன்! பார்த்தியா? அவ விட்டுட்டா! அடுத்த வருஷமும் என் ஊருதான்!"

"அது ரொட்டி இல்லடி! இது சட்டியும் இல்ல!" என்று ஜெர்மேன் அலறினாள்.

ஃபிர்மேன் கையில் துண்டோடு நின்றான். மோன் பிளானைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், நடுங்கிக்கொண்டே சிரிக்கும் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"விழுந்தா விழுந்ததுதான், ஜெர்மேன்" என்றான். "சட்டம்னா சட்டம்."

செலஸ்தின் ஏரியில் மல்லாந்து படுத்து மூன்று ஸ்வரமும் அடித்தாள்.