டியூபில் அடைத்த காற்று

கரண்ட் போனால் பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு கவலையும் இல்லை. வீட்டு மீன்தொட்டியின் காற்று மோட்டார் நின்றதுமே, ஒரு பழைய லாரி டியூபைத் தொட்டியருகே உருட்டி வருவார். அதை எப்போதும் காற்றடித்துப் புடைக்க வைத்திருப்பார். அதன் வாயில் மெல்லிய குழாயை மாட்டித் தண்ணீருக்குள் விட்டு, குழாயின் திருகைக் கொஞ்சமாகத் திறந்தால் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். காற்று குறைந்தால் மனைவியைக் கூப்பிடுவார்.

“இது மேல கொஞ்சம் உக்காரேன். மீனுக்கு மூச்சு வாங்குது.”

“இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களாக்கும்!”

சொல்லிக்கொண்டே உட்காருவாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவர் கண்மூடிய பிறகும், கடைசியாகக் காற்றடித்து வைத்த அந்த டியூப் சுவரோரம் அப்படியே இருந்தது. தூசி தட்டும்போதுகூட மனைவி அதை அழுத்தித் துடைக்கவில்லை.

சில வாரங்களில் ஒருநாள் மதியம் போன கரண்ட் மாலையாகியும் வரவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

“அம்மா, டியூபைத் திறக்கட்டுமா?”

“வேண்டாம்டி. அது உங்கப்பா அடிச்ச காத்து. போனா வராது.”

“மீனும் அப்பா வளத்ததுதானேம்மா?”

அம்மா தொட்டியைப் பார்த்தாள். பிறகு தானே குழாயை மாட்டித் திருகைத் திறந்தாள். குமிழிகள் எழ எழ, மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

கரண்ட் வந்து விளக்கு எரிந்தபோது டியூப் சப்பையாகிக் கிடந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா காத்தடிக்கிற பம்பைத் தேடி எடுடி. நாளைக்கும் கரண்ட் போகும்.”