கோர்னோவிலிருந்து வெக்கியாவுக்கு

மலை மீட்புக் குழுவின் அறையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. முழங்கால் போனவர்கள், கண் மங்கியவர்கள் அதில் உட்கார்ந்து, மலையில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுப்பார்கள். மற்றவர்கள் கிளம்பிப் போவார்கள். அந்த நாற்காலியில் தன்னை உட்கார வைக்கத் தம்பி ரெமோ குறியாக இருக்கிறான் என்பது நீவெஸுக்குக் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது.

நீவெஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. காலையில் கூட்டுறவுப் பால்பண்ணையில் பாலாடைக்கட்டிச் சக்கரங்களைப் புரட்டி உப்புநீரால் துடைக்கிற வேலை. மீதி நேரமெல்லாம் மலைதான். குழுவில் சேர்ந்த முதல் பெண் அவள். பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று அன்றைக்குக் குதித்தவர்களில் இரண்டு பேரைப் பிற்பாடு பனிப்பிளவிலிருந்து கயிறு கட்டித் தூக்கியவளும் அவள்தான். அதை அவள் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. தூக்கப்பட்டவர்களே இரண்டு கோப்பை உள்ளே போனதும் சொல்லிவிடுவார்கள்.

ரெமோதான் குழுவுக்குத் தலைவன். வசந்தத்தில் எல்லோருக்கும் ஒரு சோதனை உண்டு. ஸ்கீயில் கோர்னோ சிகரத்தில் ஏறி, நடுக் கணவாய்க்கு இறங்கி, மறுபடி வெக்கியா சிகரத்தில் ஏறி, அதன் கிழக்குச் சரிவு வழியாக அடுத்த பள்ளத்தாக்கைச் சேர வேண்டும். எல்லாம் ஒரே நாளில், ஜோடி ஜோடியாக. பாதியில் திரும்பினால் இரண்டு பேருமே தோற்றார்கள், அடுத்த வசந்தம் வரை டெலிபோன்தான். இந்த விதியை எழுதியதும் ரெமோவேதான். போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆனவளோடு ஜோடி சேர யார் முன்வருவார்கள்? நானே வருகிறேன் என்றான். இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு கரிசனம் வந்தது என்று அக்காவுக்கு அப்போதே பொறி தட்டியது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். முழங்கால் அவளுடையது, அது தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீவெஸின் கணவன் எத்தோரேயும் இதே குழுவில் இருந்தவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாரையோ தேடப் போன இடத்தில் பனிச்சரிவு அவனை மூடிவிட்டது. தோண்டி எடுத்தவன் ரெமோ. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வருவான், தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

இருட்டோடு கிளம்பினார்கள். ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் தோல்பட்டையை ஒட்டிக்கொள்வது வழக்கம். நீவெஸ் முன்னால் போனாள். வேகமில்லை, நிறுத்தமும் இல்லை. பால்பண்ணையில் சக்கரம் புரட்டுகிற அதே சீர்தான். வெயில் எட்டிப் பார்க்கும்போது கோர்னோ உச்சியில் நின்றாள். முழங்கால் முனகக்கூட இல்லை. கறுப்பு ரொட்டியும் உலர்ந்த இறைச்சியும் தின்றார்கள். தோல்பட்டைகளை உரித்து ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு கணவாய்க்குச் சறுக்கினாள். பனி மொறுமொறுவென்றிருந்தது. இருபது வயதுக்காரிபோல வளைந்து வளைந்து இறங்கினாள், கீழே வந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தாள். அடேயப்பா, அந்த ஒரு இறக்கத்துக்காகவே ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

பின்னாலேயே வந்த ரெமோ தோளிலிருந்து பையை இறக்கி அதற்குள்ளிருந்து தோல்பட்டையை எடுத்தான். நீவெஸ் சிரிப்பை நிறுத்தினாள். அந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பட்டையைப் பையில் போடாது. உடம்புச் சூட்டில் வைக்காவிட்டால் பசை உறைந்து போகும். ரெமோவுடையது உறைந்துதான் இருந்தது. ஒட்டினான், விழுந்தது. மறுபடி ஒட்டினான், அதுவும் விழுந்தது.

"விடுக்கா, திரும்பிடலாம். என் தப்புதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன்" என்றான்.

யார் தப்பாக இருந்தால் என்ன, விதி ஒன்றுதான். நீவெஸ் அவன் பட்டைகளைப் பிடுங்கித் தன் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். பனிக்கட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பசை இளகக் காத்திருந்தாள். பிறகு ஒட்டி, தன் ஸ்கீக்கம்பில் சுற்றி வைத்திருந்த டேப்பைப் பிரித்து மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினாள். நட என்றாள். நடந்தான்.

வெக்கியா உச்சியைத் தொட்டபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. கிழக்குச் சரிவு கண்ணைக் கூச வைத்தது. நீவெஸ் கம்பைக் குத்திப் பார்த்தாள். கைப்பிடி வரை உள்ளே போனது. மேல்பனி கஞ்சியாகியிருந்தது, எந்த நேரமும் சரிந்து விழலாம்.

"இதுல இறங்கக் கூடாது. வந்த வழியே போலாம்."

"திரும்பினா நீ தோத்துட்டேன்னு அர்த்தம்" என்றான் ரெமோ. "அதெல்லாம் வேணாம்க்கா. நான் முன்னால இறங்கறேன். ஒண்ணும் ஆகாது."

"காலைல என்னைத் திருப்பி அனுப்பப் பாத்தே. இப்ப என்னடா இறக்கிவிடத் துடிக்கிறே?"

அவன் ஸ்கீ முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வேணும்னுதான் பையில போட்டேன்."

"தெரியும்."

"எத்தோரே மாமாவைத் தோண்டின கை இது. உன்னையும் தோண்ட என்னால முடியாதுக்கா. நீ கணவாயிலயே திரும்பிடுவேன்னு நெனச்சேன். இப்ப என் பட்டையால நேரமாகி, பனி இளகி, என்னால உன் இடம் போகுது."

நீவெஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று கைகூடப் பரபரத்தது. ஐந்து வருஷம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டவன் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறான் என்பதும் தெரிந்தது. கோபமும் பாசமும் ஒன்றாக வந்தால் அவள் குரல் எப்போதும் கட்டையாகிவிடும்.

"தோண்ட வேணாம்னுதானேடா திரும்பச் சொல்றேன். இடம் போனா போகட்டும். வா."

நிழல் பக்கமாகவே இறங்கி, வந்த தடத்திலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றைக்குக் கிழக்குச் சரிவு விழுந்ததா என்றால், இல்லை. கீழே பைனாகுலரோடு காத்திருந்த ஈவோவுக்கு அது நல்ல சாக்கு. குழுவில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான். சாயங்காலம் எல்லோரும் அறையில் கூடியிருக்க, சரிவு சாயங்காலம் வரை கல்லுமாதிரி நின்றதே, அக்கா பயந்துவிட்டாளாக்கும் என்று கிண்டினான்.

"அது விழுந்தாத்தான் நான் சொன்னது சரியா ஈவோ? அப்படின்னா நாளைக்கு உன்னைத் தேடி வர்றப்பவும் விழுறவரைக்கும் காத்திருக்கேன்" என்றாள் நீவெஸ்.

ரெமோ எழுந்தான். பட்டையைப் பையில் வேண்டுமென்றே போட்டதையும், எதற்காகப் போட்டான் என்பதையும், உச்சியில் யார் இறங்கலாம் என்றார்கள், யார் கூடாது என்றார்கள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிந்தவளைத் தோற்கடிக்கிற விதி உருப்படாத விதி, இன்றோடு அது போகட்டும் என்றான். கை தூக்கச் சொன்னபோது ஈவோவும் தூக்கினான். தனக்கு மட்டும் பழைய விதியே இருக்கட்டும் என்று ரெமோ பிடிவாதம் பிடித்தான். அடுத்த வசந்தம் வரை டெலிபோன் அவனுக்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், நீவெஸும்கூட.

மூன்றாவது வாரம், பண்ணையில் சக்கரம் புரட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கோர்னோ பனிப்பிளவில் ஒரு பெண் விழுந்துவிட்டாள், உயிர் இருக்கிறது, ஹெலிகாப்டர் மேகத்தில் வர முடியாது என்று ரெமோ மெத்தை நாற்காலியிலிருந்து வரிசையாகச் சொன்னான். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. இதை அவனே சொல்ல வேண்டும்.

"அக்கா" என்றான் கடைசியில். "கிளம்பு."