இந்த வருடம் பாலாற்றில் நான் எடுத்த காளி

முனுசாமி அண்ணன் இன்று காலை போய்விட்டார்...

சத்துவாச்சாரியில் மயானக் கொள்ளைத் திருவிழா பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வருடா வருடம் காளி வேஷம் கட்டுவார். மற்ற நாளெல்லாம் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டும் வேலை.

நான் தூத்துக்குடிக்காரி. இங்கே ஷூ கம்பெனி வேலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமையானால் ஹாஸ்டல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் கேமரா வாங்கினேன்.

தேர், சர்ச் திருவிழா, சந்தனக்கூடு, யார் வீட்டுக் கல்யாண ஊர்வலமோ... எதையும் விடவில்லை. கண்ணில் கேமரா இருக்கும்வரை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. கீழே இறக்கினால் யாரோ.

முதல்முறை மயானக் கொள்ளைக்குப் போனபோது ஆற்று மணலில் நாலைந்து பேர் மறித்துக்கொண்டார்கள். "இன்னா, எந்த சேனல் நீ? யாரக் கேட்டு எடுக்கிற?"

கேமராவை இறக்கிவிட்டேன். அப்போது சுடுகாட்டுப் பக்கமிருந்து நீல முகத்தோடு ஒரு காளி நேராக என்னிடம் வந்தது. தொங்கிய நாக்கைக் கழற்றிவிட்டு, "நம்ம பொண்ணுதான், உடுங்க" என்றது.

எல்லாரும் விலகினார்கள். அதற்குமுன் முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்ததே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு டீக்கடையில் கேட்டேன். "நான் எங்கமா சொன்னேன்? மொகத்துல மை பூசிட்டா அப்புறம் எனக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காது" என்றார் சாதாரணமாக.

கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வருடமும் போனேன். அதற்கடுத்த வருடமும்.

எத்தனை காளி வந்தாலும் அவரைக் கண்டுபிடித்துவிடுவேன். இடது கை சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். மெஷினில் போனது.

இந்த வருடமும் எடுத்தேன். சூறையாக வீசிய கொழுக்கட்டைக்குக் கூட்டம் அடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அசையாமல் நின்று என் லென்ஸையே பார்த்தார். அந்த வெயிலில் முகத்து மை ஒரு சொட்டு வழியவில்லை... அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

காலையில் அவர் மகள் தேவி போன் செய்தாள். "அக்கா, பேனருக்கு அப்பா போட்டோ வேணும். எங்க கிட்ட நல்லதா ஒண்ணும் இல்ல."

என்னிடம் இருப்பதெல்லாம் வேஷப் படம்தான். இந்த வருடம் எடுத்ததை அனுப்பினேன்.

உடனே திரும்ப அழைத்தாள். "இந்த வருஷமாக்கா? இந்த வருஷம் அப்பா வேஷமே கட்லயே. கால் வீங்கி, கட்டில உட்டு எறங்கல. நான்தான் கூடவே இருந்தேன்."

வேறு யாராவது இருக்கும் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

"வெரலப் பாருங்கக்கா."

பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி விரல்.

அவள் பக்கத்தில் மேளம் மட்டும் கேட்டது.

"இதையே குடுத்துட்றேன்" என்றாள். பிறகு தயங்கி, "கீழ மகள்கள்னு பேர் போடுவாங்க. என் பேர் பக்கத்துல உங்க பேரும் போடச் சொல்லட்டுமா?"

"போடு" என்றேன். அழுதேன், அவளும் அழுதாள்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். அதே பாலாற்று மணலுக்குத்தான்.

போய்ட்டு வாங்கப்பா.