சோனா மசூரி மூட்டையும் லேகியமும்

என் இடுப்பு என்னைவிட மூத்தது. எனக்கு ஐம்பத்தாறு என்றால் அதற்கு எண்பது இருக்கும். பாதி ஆயுள் ஆபீஸ் நாற்காலியிலும் மீதி ஃப்ரீவேயிலும் உட்கார்ந்ததில், முதுகெலும்பின் அடியில் இருந்த மெத்தை ஒன்று தேய்ந்து போயிருந்தது. ஊசி போட்டார்கள், பெல்ட் கட்டினார்கள், யோகாவுக்கு அனுப்பினார்கள். யோகா சொல்லிக்கொடுத்த அமெரிக்கப் பெண்மணி என்னை ஒரே ஒரு முறை பாராட்டினாள். அது சவாசனத்துக்கு.

இப்படியே முனகிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும், அப்பா நெல் மூட்டைமேல் உட்கார வேண்டும். கலிபோர்னியாவில், எங்கள் பிளசன்டனில் நெல்லுக்கு எங்கே போவது? இந்தியன் ஸ்டோரில் கிடைப்பது சோனா மசூரி அரிசி மூட்டை. அதில் முதுகு சாய்க்க இடம் கிடையாது. அதன்மேல் நான், என்மேல் ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்றி வைத்திருக்கும் என் பெண்.

நாற்காலி போட்டுக்கொண்டாலும் தோஷமில்லை என்றார் சாஸ்திரிகள். வார நாட்களில் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர், எதற்கும் ஒரு பேக்அப் வைத்திருப்பார். நான்தான் மாட்டேன் என்றேன். நீச்சல் கிளாஸ், மேத்ஸ் கிளாஸ், டிபேட் என்று அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததெல்லாம் கார் ஓட்டியதுதான். காருக்கு வெளியே அவளுக்காக நான் செய்யக்கூடிய காரியம் இது ஒன்றுதான் பாக்கி. அதையும் நாற்காலிக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வலிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். கஞ்சா முயற்சி செய்து பார்க்கலாமே என்றார், ஏதோ கஷாயம் சொல்வது போல. நான் வளர்ந்த ஊரில் கஞ்சா என்பது ஒரு பொருளே இல்லை, கேஸ். போலீஸ் போடுவது.

இங்கே அது சட்டப்படி கடையில் விற்கிற சரக்கு. இரண்டு ஊர் தள்ளி இருந்த அப்படி ஒரு கடைக்குத் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். நகைக்கடை மாதிரி கண்ணாடிப் பெட்டிகள், நடுவில் விளக்கு. வாசலில் எனக்கு இருபத்தொரு வயது ஆகிவிட்டதா என்று ஐடி கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் கையில் கிடைத்த கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தேன். என் மனைவி, டாக்டர் சொன்னாரா என்று மட்டும் கேட்டாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பினாள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட கடைசி எழுத்துவரை படிக்கிறவள் அவள்.

"ஏன்னா, இதுல ஜெலட்டின் போட்டிருக்கான்."

"இருக்கட்டுமே."

"மாட்டு எலும்போ பன்னி எலும்போ. பொண்ணைக் கன்னிகாதானம் பண்ணிக் குடுக்கப் போற வாயா இது?"

கஞ்சா பாஸ், ஜெலட்டின் ஃபெயில். டப்பாவோடு மறுபடியும் கடைக்குப் போனேன். பச்சைத் தலைமுடி வைத்திருந்த பெண், கவலைப்படாதீர்கள், இதில் கோதுமை க்ளூட்டன் கிடையாது என்றாள், பெருமையாக. எலும்பு விவகாரத்தை அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் என் இடுப்பு போய்விட்டது. கடைசியில் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினாள். கஞ்சாவைத் தேங்காயெண்ணெயில் கலந்தது. வீட்டுக்கு வந்து, தேங்காயெண்ணெய் என்றதும் மனைவி முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு லேகியம் என்று பெயர்.

பாட்டிலோடு ஒரு டிராப்பர் வந்திருந்தது. அதெல்லாம் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, பூஜை அலமாரியிலிருந்து தீர்த்தம் கொடுக்கும் உத்தரணியை எடுத்து வந்தாள் மனைவி. அரை உத்தரணி. நானும் கையை நீட்டி வாங்கிக் கண்ணை மூடிச் சாப்பிட்டேன். சாயங்காலம் பெண் வந்தபோது, நான் தட்டில் இருந்த ரசத்தைப் பார்த்து, மிளகு எப்படி மிதக்கிறது பார் என்று சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

"அப்பா, ஹவ் மச் டிட் யூ டேக்?"

"அரை உத்தரணி."

உத்தரணிக்கு எத்தனை மில்லி என்று பாவம், போனில் தேடினாள். போனுக்கும் தெரியவில்லை. பிறகு அவளே டிராப்பரைக் கழுவி, சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சமே கொஞ்சம், சாப்பிட்டால் கார் பக்கமே போகக்கூடாது என்று சட்டம் போட்டாள்.

வலி போயிற்றா என்றால், இல்லை. பக்கத்து அபார்ட்மெண்டில் ஓடும் டிவி மாதிரி ஆயிற்று. சத்தம் கேட்கும், ஆனால் அது நம் வீட்டு சீரியல் இல்லை. தூக்கம் வந்தது. தூங்கிய உடம்பு மெல்ல மெல்லக் குனிந்தது. ஹாலில் மூட்டையைப் போட்டு உட்கார்ந்து பழகினேன். பெண்ணுக்குப் பதிலாக என் மடியில் மனைவி இன்னொரு மூட்டையை வைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் மனைவி பாட்டிலை ஒளித்துவிட்டாள். சம்பந்தி முன்னால் ரசத்தைப் பார்த்துச் சிரித்து வைத்தால் என்ன செய்வது என்றாள். நியாயம்தான். வெறும் இடுப்போடு மேடை ஏறினேன்.

மடிசாரில் வந்து பெண் மடியில் உட்கார்ந்தாள். பூ மாதிரி இருந்தாள். இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. லேகியமே லேகியம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் அவள் முழங்கால் நடுங்குவது தெரிந்தது. மடிக்கு ஒரு அங்குலம் மேலே ஜிம்மில் நிற்கிற மாதிரி பாதி குந்தி நிற்கிறாள்.

"நீ உக்காரவே இல்லையா?"

"ஐம் ஃபைன், அப்பா. ஜிம்ல லெக் டேன்னு நெனச்சுக்கறேன்."

"உக்காரும்மா. இதுக்குத்தானே இவ்வளவு நாளா லேகியம் சாப்பிட்டேன்."

உட்கார்ந்தாள். பக்கத்து அபார்ட்மெண்ட் டிவி நேராக எங்கள் ஹாலுக்கே வந்துவிட்டது. அம்மா என்று நான் போட்ட சத்தம் கெட்டிமேளத்தில் முங்கிப் போனது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. சம்பந்தி மாமி பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து டிஷ்யூ நீட்டினாள். அவளைத் திருத்த எனக்கு மனம் இல்லை. பாதி உண்மைதானே.

தாலி கட்டியாயிற்று, பெண் எழுந்துகொள்ளலாம் என்றார் சாஸ்திரிகள். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் மறுபடியும் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

நான் எழுந்திருக்கவே முடியவில்லை. மாப்பிள்ளைதான் கையைக் கொடுத்து என்னை மூட்டையிலிருந்து தூக்கினார்.