ஆறரை சாரின் வலது கை

முதல் அடி என்னுடையதுதான். கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். கசங்கின லுங்கி, தூங்காத முகம். "யாருங்க நீங்க?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் என் குடை அவன் காதோரம் இறங்கிவிட்டது. இரண்டாவது அடி தோளில். அடுத்ததற்குக் கம்பியே வளைந்துபோனது. "பெத்த அப்பன் கைய ஒடிப்பியாடா, பொறம்போக்கு?" என்று நான் போட்ட சத்தம் பெருங்களத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பின்னால் நின்ற போர்டு சார், "மேடம், மேடம், பேசிக்கலாம் மேடம்" என்று என் முந்தானையைப் பிடிக்காத குறையாகப் பதறினார். பேசுவதற்கா சேலையூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன்?

யார் இந்தப் போர்டு சார், யாருடைய கைக்காக நான் குடையைத் தூக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைக் கழன்ற கேஸ் என்று நினைப்பீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இன்டர்நெட் என்று பேப்பரில் படித்ததோடு சரி, எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அது வரவில்லை. குரோம்பேட்டையில், ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஒருவர் தன் கம்ப்யூட்டரை வீட்டு போன் லைனோடு சேர்த்துவைத்திருந்தார். நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அவர் நம்பருக்கு டயல் செய்தால் மோடம் கீச்சுகீச்சென்று கத்தி ஓயும். பிறகு, மற்றவர்கள் எழுதிப் போட்டதெல்லாம் திரையில் வரும். படிக்கலாம், நாமும் எழுதலாம். தமிழைத்தான் எழுதுவோம், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அதற்கு என்னமோ பெரிய பெயர் உண்டு. எங்களுக்கு வெறும் போர்டு. அவர் போர்டு சார்.

லைன் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு எங்கேஜ்டு. அதனால் விடிகாலையிலிருந்து ஆளுக்கு அரை மணி என்று பிரித்துக்கொண்டோம். பிரித்த நேரமே பெயராகவும் ஆகிவிட்டது. நான் ஆறு மணி மேடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அடுத்தவர் ஆறரை சார். பெருங்களத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். எல்லோருமே அறுபதை ஒட்டியவர்கள். பாதிப் பேரிடம் இருந்தது பிள்ளைகள் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர்.

தன் நேரத்துக்கு வருகிறவர், எழுத ஒன்றும் இல்லையென்றாலும், "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதைக் காணவில்லையென்றால் அடுத்தவர் போன் செய்து விசாரிப்பார். தனியாகக் கிடக்கிற கிழடுகளுக்கு இதைவிடப் பெரிய காவல் என்ன இருக்கிறது? ஆனால் நேரில் மட்டும் சந்திக்கக் கூடாது. போர்டு சார் போட்ட சட்டம் அது. "பாத்துக்கிட்டா எந்த ஊருன்னு கேப்போம், அப்புறம் என்ன ஆளுங்கன்னு கேப்போம், அதோட போர்டு காலி" என்பார். ஆகவே வருஷக்கணக்கில் பழகியும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் ஆறரை சார் காலையில் போன் செய்து, போர்டில் வந்ததையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். பாலில் ஊறின பன் மாதிரி மெத்தென்ற குரல். பெற்ற பிள்ளைகூட எனக்கு அப்படி வாசித்ததில்லை. அந்த மனுஷனுக்காக உயிரையே கொடுக்கலாம் என்று இருந்தது, பொய் சொல்லவில்லை.

அவர் எழுதுவது பெரும்பாலும் தன் மனைவியின் சமையலைப் பற்றி. "இன்று குழம்பில் உப்பு தூக்கல். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அவள் பாவம்" என்று எழுதுவார். என் வீட்டுக்காரர் இருந்தவரை உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும், பல சமயம் என் மேலேயே பறக்கும். அதனால் இவர் எழுதுவதைப் படிக்கப் படிக்க எனக்கு வயிறெரியும். "உங்கள் வீட்டம்மா கொடுத்து வைத்த மகராசி சார்" என்று நான் பதில் எழுதுவேன்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நான் உள்ளே போனபோது, முந்தின நாள் அவர் போட்டிருந்த எழுத்து மாறியிருந்தது. தொழில் பழக்கத்தில், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக அடிக்காமல் விட மாட்டார். அன்று எல்லாமே சின்ன எழுத்து. பெரிய எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும், ஒன்று ஷிப்ட் கட்டையை அமுக்க, ஒன்று அடிக்க. "மகன் வந்திருக்கிறான். என் வலது கையை ஒடித்துவிட்டான். மாவுக்கட்டு. எனக்கென்று யாரும் இல்லை. நீங்கள்தான் சாட்சி" என்று எழுதியிருந்தார்.

போர்டே கொதித்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும், "சாட்சிக்கு வருகிறோம் சார்" என்று வரிசையாக எழுதினார்கள். நானோ, சாட்சிக்கு இல்லை, அவனைச் சாத்துவதற்கே வருகிறேன் என்று எழுதிவிட்டு, போர்டு சாருக்குப் போன் செய்து விலாசம் கேட்டேன். தன் சட்டத்தைத் தானே உடைத்து அவரும் கூடக் கிளம்பினார்.

அப்படிப் போய்த்தான் அந்தப் பையனை அடித்தேன். அவன் குடையைப் பிடித்துக்கொண்டானே தவிர, கை ஓங்கவில்லை. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"அட்ச்சி முட்ச்சிட்டீங்களா?" என்றான். "இப்ப உள்ள வந்து எங்கம்மாவப் பாருங்க."

சமையல்கட்டுத் தரையில், சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அவள். ஒரு கண் முழுக்க மூடி, ஊதி, கருத்திருந்தது. கீழுதடு பிளந்திருந்தது. உச்சியில் ஒரு கைப்பிடி மயிர் இல்லை, பிடுங்கின இடம் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. முழங்கையில் புதுக் காயம், அதற்கு மேலே பழசு, அதற்கும் மேலே அதைவிடப் பழசு. எதிர்ச் சுவரில் குழம்பு வழிந்து காய்ந்திருந்தது. ஐயோ ஏசுவே என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"குழம்புல உப்பு ஜாஸ்தியாம்," என்றான் மகன். "லீவுக்கு வந்த அன்னிக்கே, என் கண்ணு எதிர்லயே, சட்டியோட அம்மா மூஞ்சில வீசினாரு. அப்பால தோசக்கல்ல தூக்கினு வந்தாரு. மண்டையில இறங்கியிருந்தா செத்துருக்கும். கையப் புட்ச்சி முறுக்கினேன், ஒட்ஞ்சிச்சி. ஆமா, நான்தான் ஒட்ச்சேன். இன்னான்றீங்க இப்போ?"

போர்டில் உப்பு தூக்கல் என்று வந்த காலைகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

அவள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "நீங்கதானே மகராசின்னு எழுதுவீங்க? படிச்சிக் காட்டுவாருங்க. நாலு பேரு மெச்சுற வாழ்க்கடி உனுக்குன்னு சொல்லினே காட்டுவாரு."

செத்துவிடலாம் போலிருந்தது. செத்தால் யாருக்கு லாபம்? எழுந்து ஹாலுக்குப் போனேன்.

மாவுக்கட்டைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார் ஆறரை சார். வெளுத்த வேட்டி, நெற்றியில் கோடாகத் திருநீறு. "வாங்க மேடம், ஆறு மணி மேடம்தானே? குரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். அதே பன் குரல். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், ரெண்டு காபி!" என்றார். அது வேறு குரல். அதை எனக்கு அவர் போனில் காட்டியதே இல்லை.

"அவங்களக் கொன்னு போட்டிருப்பியே, பாவி" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "மேடம், விஷயம் சிம்பிள். இவன் அவள சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். போகட்டும். அவ வாசப்படி தாண்டின நிமிஷம் நான் ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுப்பேன். இவனுக்குப் பேங்க்ல வேலை. கிரிமினல் கேஸ்னா சஸ்பெண்ட், அப்புறம் வீட்டுக்கு அனுப்பிடுவான். சாட்சிக்குத்தான் நீங்க எல்லாரும் இருக்கீங்களே. இல்ல, அவ இங்கயே இருக்கட்டும், இவன் மட்டும் ஊருக்குக் கிளம்பட்டும். நான் ஒண்ணும் செய்யல."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நீ கெளம்புடா. நான் இருந்துக்கறேன். எனுக்கின்னா புச்சா?"

மகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவளை இங்கே விட்டுப் போனால் அடுத்த குழம்புக்கு அவள் பிணம். கூட்டிப்போனால் இவன் பிழைப்பில் மண். அந்த மண்ணை அள்ளிப் போடுவதற்குத்தான் எங்களை எழுதி வரவழைத்திருக்கிறார் அந்த மனுஷன்.

போர்டு சார் மெல்ல வாயைத் திறந்தார். "குடும்ப விஷயம்... ரெண்டு தரப்பும் கொஞ்சம் அனுசரிச்சு..."

"அனுசரிச்சதுதான் அங்க உக்காந்திருக்கு, போய்ப் பாருங்க!" என்று அவர் மேல் பாய்ந்தேன். அந்தக் கோபம் அடங்குவதற்குள் ஆறரை சாரின் கன்னத்தில் என் கை விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் சேர்ந்து விழுந்தது போல.

மனுஷன் எழுந்தார். இடது கையால் என் கொண்டையைப் பிடித்து ஒரே சுழற்று. என் நெற்றி அலமாரியின் விளிம்பில் மோதியது. கண்ணில் பூச்சி பறந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி மோதினார். எவ்வளவு பழக்கம் அந்தக் கைக்கு! எங்கே பிடித்தால் ஆள் திமிர முடியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு கை ஒடிந்த நிலையிலேயே இப்படி. மகன் ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து நாற்காலியில் தள்ளினான். என் புருவத்திலிருந்து ரத்தம் ரவிக்கையில் சொட்டியது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று அவர் போர்டு சாரைப் பார்த்து மூச்சிரைத்தார். "என் வீட்டுக்குள்ள வந்து என்னை அடிக்கறாங்க. இதுக்கும் நீங்கதான் சாட்சி."

போர்டு சார் கைக்குட்டையை எடுத்து என் புருவத்தில் வைத்து அழுத்தினார். வாழ்நாளில் யாரையும் அதட்டிக்கூடப் பேசியிருக்க மாட்டார். சமையல்கட்டு வாசல் வரை போய், உள்ளே பார்த்தார். திரும்பி வந்தபோது குரலை உயர்த்தவில்லை.

"சார், நீங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீங்க. அதுலதான் கை ஒடிஞ்சிது."

"என்னது?"

"நான் பாத்தேன் சார்."

"நீ எங்கய்யா பாத்த? நீ குரோம்பேட்டையில இல்ல இருந்த!"

"மேடமும் பாத்தாங்க. போர்டுல இருக்கற எல்லாருமே பாத்தாங்க. இன்னிக்கே ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி சொல்லிடறேன். சோப்புத் தண்ணி இருந்திச்சு, வழுக்கிச்சு, விழுந்தீங்க. எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் எழுதிக் குடுப்போம். எத்தன சாட்சி வேணும், சொல்லுங்க."

ஆறரை சார் குனிந்து தன் மாவுக்கட்டைப் பார்த்தார்.

சமையல்கட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு வந்தாள். சிரித்ததில் உதடு மறுபடி பிளந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"முப்பது வருசமா ஆஸ்பத்திரில நான் சொல்லினு இருந்ததுங்க அது," என்றாள் எங்களைப் பார்த்து. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் நம்புவாங்க. என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல."

மகனிடம் பையை எடுக்கச் சொன்னாள்.