கிளெனிஸ் வாங்கிய குட்டைத் துப்பாக்கி

ஹோக்கிட்டிக்கா என்ற சிற்றூரில் கோர்டன் இம்ரியின் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் சரக்கு அறைக்கு ஏறும் மரப்படிகள் பதினான்கு. துப்பாக்கி வாங்க வருகிறவர்களை அந்தப் படியில் ஏற்றி இறக்கிய பிறகுதான் கோர்டன் பேச்சுக்கே வருவார். முதுகில் மூட்டையும் இருக்க வேண்டும். ஐந்து தடவை ஏறி இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறிபார்க்கச் சொல்வார். நின்ற இடத்தில் நிதானமாகத் தூக்கிப் பார்த்தால் எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான் என்பது அவர் கட்சி.

ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கிளெனிஸ் ஹோவர்த் மூன்றாவது தடவை இறங்கும்போதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கோர்டன் பார்த்தும் பார்க்காத மாதிரி லைசென்ஸ் அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார்.

கிளெனிஸுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் தொழில் காட்டு ஆடு சுடுவது. வெள்ளைக்காரர்கள் எந்தக் காலத்திலோ கொண்டுவந்து அவிழ்த்துவிட்ட ஆடுகள் மலைக்காட்டின் இளம் மரக்கன்றுகளை மொட்டையடிப்பதால், அவற்றைக் குறைக்கக் குத்தகைக்கு ஆள் வைக்கிறார்கள். அதற்கு முன்பு அவள் மாட்டுப் பண்ணையில் பால் கறந்தாள். கணவன் பிரிந்துபோன ஆண்டு, மனிதர் முகம் பார்க்காத வேலையாக வேண்டும் என்று கேட்டு இதில் சேர்ந்தாள். மகன் பெர்த்தில் சுரங்க வேலையில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு அழைப்பான். ‘இன்னும் மலை ஏறுறியாம்மா’ என்று ஒவ்வொரு ஆண்டும் அதே குரலில் கேட்பான்.

ஏறுவதில்தான் சிக்கல். இந்த வேலை வரிசை வேலை. நான்கு பேர், மலைச்சரிவில் ஒருவருக்குக் கீழே ஒருவராக இடைவெளி விட்டு, ஒரே வேகத்தில் பள்ளத்தாக்கைச் சலித்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் பின்தங்கினால் மற்ற மூவரும் நிற்க வேண்டும். நிற்காமல் போனால் பக்கத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் சுட வேண்டியிருக்கும். அதை யாரும் செய்ய மாட்டார்கள். போன பருவத்தில் கிளெனிஸுக்காக வரிசை தினமும் அரைமணி நேரம் நின்றது. குத்தகை எடுத்திருக்கும் பெட்ரா லோமாக்ஸுக்கு முப்பத்தெட்டு வயது. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். காட்டு வழி தொடங்கும் சாலை முனையில் வண்டி ஓட்டவும் சாமான் கொண்டுவந்து கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும், நீங்கள் வந்துவிடுங்கள் என்றாள். முதல் பத்து நாள் மட்டும் வரிசையில் விடு என்று கிளெனிஸ் கேட்டாள். தன்னால் வரிசை ஒரு நாள் நின்றாலும் மறுபேச்சு இல்லாமல் வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வதாக அவளே வாக்குக் கொடுத்தாள்.

அப்புறம் வீட்டுத் தராசில் பழைய துப்பாக்கியை வைத்துப் பார்த்தாள். ஸ்கோப், சைலன்சர், வார் எல்லாம் சேர்த்து நாலே கால் கிலோ. இடது தோள் அறுவை செய்த தோள். முழங்கால்களைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே நல்லது. காலை மாற்ற முடியாது, துப்பாக்கியை மாற்றலாம் என்று கோர்டனிடம் வந்திருந்தாள்.

அவர் முதலில் கொடுத்தது கார்பன் ஃபைபரில் பின்கட்டை செய்த துப்பாக்கி. கையில் இருப்பதே தெரியவில்லை. கிளெனிஸுக்கு ஆசை முகத்தில் தெரிந்துவிட்டது. ஐந்தாவது தடவை படி இறங்கி வந்து அதைத் தோளில் வைத்தபோது, ஸ்கோப்பின் குறிக்கம்பி நாட்காட்டியில் ஒரு வாரம் முழுவதும் ஊஞ்சலாடியது. மூச்சு விட்டால் ஞாயிறு, இழுத்தால் சனி.

“எடை இல்லாதது ஏறும்போது சுகம்மா. சுடும்போது உன் நெஞ்சு அடிக்கிறதெல்லாம் குழல் முனையில வந்து நிக்கும்” என்றார் கோர்டன்.

இரண்டாவது துப்பாக்கிக்குக் குழல் குட்டை. கட்டை சாதாரணம்தான், ஆனால் அவள் கைக்கு அளவாக இருந்தது. ஆட்டுக்குப் போதுமான சின்னத் தோட்டா, உதை குறைவு. சைலன்சர் மாட்டினால் மூன்று கிலோ நூறு கிராம். மூன்றாவதாகக் காட்டியது இதைவிடக் கால் கிலோ கூடுதல், குழலும் நீளம். கோர்டனுக்கு அதுதான் பிடித்திருந்தது. கிளெனிஸ் குட்டையை எடுத்துக்கொண்டாள். நாட்காட்டியில் அது இரண்டு நாளுக்குள் நின்றது.

பணம் வாங்கும்போது கோர்டன் ஒன்று சொன்னார். “மெல்லிசுக் குழல் இது. சைலன்சரோட ஒரு இடத்துல அடிக்கும், கழட்டிட்டா வேற இடத்துல அடிக்கும். மாட்டியே வச்சிரு.”

அது தனக்குத் தெரியாதா என்று கேட்டாள் கிளெனிஸ். தெரியும்தான். புதிதாக வந்தவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்த விஷயம்.

*

முதல் மூன்று நாளும் குறையில்லாமல் போயின. வரிசையில் எல்லாருக்கும் மேலே பெட்ரா, அடுத்தது கிளெனிஸ், அதற்குக் கீழே ராவிரி, ஆற்றோரமாகக் கோலின். ராவிரி நாற்பது தாண்டியவன். எட்டு ஆண்டாகப் பக்கத்து இடத்தில் நடப்பவன். முதல் நாள் புதுத் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, மீதித் துண்டைக் கடையிலேயே விட்டுவிட்டீர்களா ஆன்ட்டி என்று கேட்டான். அதற்கு மேல் வம்பு இழுக்கவில்லை. மூன்று நாளில் ஒரு தடவைகூட வரிசை அவளுக்காக நிற்கவில்லை. ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலை சாயங்காலத்தில் தெரிந்தது. காலணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள், சோறு ஆறும்.

நான்காம் நாள் மழை. பத்து மணி வாக்கில் அவள் வழியில் கருங்கொடிக் காடு குறுக்கிட்டது. பென்சில் தடிமனில், கம்பி மாதிரி விறைத்து, தலைக்கு மேலும் கால் நடுவிலும் பின்னிக் கிடக்கும் கொடி. துப்பாக்கி குட்டைதான், சைலன்சர் முனைதான் பத்தடிக்கு ஒரு தடவை கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது. மாட்டும்போதெல்லாம் வார் அவள் அறுவைத் தோளைப் பின்னுக்கு இழுத்தது. ரேடியோவில் பெட்ரா எல்லார் இருப்பிடமும் கேட்டாள். கிளெனிஸ் பதில் சொல்லிவிட்டு, சைலன்சரைத் திருகிக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கொடி முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.

கொடி முடிய அரைமணி நேரமானது. முடிந்தபோது அவள் நினைப்பில் இருந்தது அடுத்து ஏற வேண்டிய மேடு ஒன்றுதான். அதையும் ஏறினாள். அவளுடைய மோப்ப நாய் மாஸ் முன்னே போய், மண்சரிவின் ஓரத்தில் வாலை விறைத்து நின்றது. எதிர்ச் சரிவில் ஐந்து ஆடுகள். தூரம் நூறு மீட்டர் சொச்சம். பெட்ரா நேர் மேலே, ராவிரி நேர் கீழே, சுடும் திசையில் யாரும் இல்லை என்பதைச் சரிபார்த்துக்கொண்டாள். பீச் மரத்தில் சாய்ந்து மூச்சை அடக்கினாள். குறி முன்னால் நின்ற பெட்டையாட்டின்மேல் அசையாமல் நின்றது. விசையை அழுத்தினாள்.

வெடித்த சத்தம் பள்ளத்தாக்கையே அறைந்தது. மாஸ் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துவிட்டது. ஆடு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன்பே அந்தச் சத்தத்தில் கிளெனிஸுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கை தானாகக் கால்சட்டைப் பையைத் தொட்டது. எதிரே, பெட்டை விழுந்து, பின்னங்கால்கள் தடுமாற எழுந்து, வயிற்றை இழுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கி மறைந்தது.

சத்தம் கேட்டு ராவிரி ஏறி வந்தான். சைலன்சர் இல்லாத குழல் முனையைப் பார்த்தான். மண்சரிவில் கிடந்த இரத்தத்தையும் பார்த்தான். ஓடை செங்குத்தான பள்ளம். இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். வரிசை குறைந்தது இரண்டு மணி நேரம் நிற்கும். அவள் பெட்ராவுக்குக் கொடுத்திருந்த வாக்கு அவனுக்கும் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஆன்ட்டி, அது எப்படியும் செத்துரும். யாரும் பாக்கல. தவறிப் போச்சுன்னு சொல்லிட்டு வாங்க, நடப்போம்.”

“நீ பாத்தியே.”

“எனக்குக் கண்ணு சரியில்லன்னு வச்சுக்கோங்க.”

“கண்ணு சரியில்லாதவனுக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்.”

அவன் சிரிக்கவில்லை. கிளெனிஸ் ஓடையைப் பார்த்தாள். இறங்குவது பரவாயில்லை. ஏறுவதுதான் பாடு. வயிற்றில் அடிபட்ட ஆடு சாவதற்கு ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள். ரேடியோவை எடுத்தாள்.

“பெட்ரா, ஒண்ணு அடிபட்டு ஓடிருச்சு. நான் கீழ இறங்குறேன். வரிசைய நிறுத்து.”

எவ்வளவு நேரமாகும் என்றாள் பெட்ரா. தெரியவில்லை என்றாள் கிளெனிஸ்.

இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. மழை இரத்தத்தைக் கழுவிக்கொண்டே இருந்ததால் மாஸ் இல்லாமல் கண்டுபிடித்திருக்க முடியாது. ஓடைக்கு அருகே, பெரணிகள் தொங்கும் கரைக்கு அடியில் பெட்டை படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. கிளெனிஸ் சைலன்சரை எடுத்துத் திருகினாள். விரல்கள் விறைத்திருந்ததால் மரை சேர மூன்று தடவை ஆயிற்று. அவ்வளவு நேரமும் அது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை குறி வைத்த இடத்திலேயே பட்டது.

மேலே வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் ஒரே மரத்தடியில் கூடி நனைந்துகொண்டிருந்தார்கள். பெட்ராவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கோலின் ஃப்ளாஸ்கில் மிச்சமிருந்த டீயை நீட்டினான். ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

*

அவர்கள் தங்கியிருந்த காட்டுக் குடிலுக்குள் நுழையுமுன் எல்லாரும் வாசலில் நின்று துப்பாக்கியைக் காலி செய்து, சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றுவார்கள். அப்புறம் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் அன்று பார்த்தது எத்தனை, சுட்டது எத்தனை, காயத்தோடு ஓடியது எத்தனை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் எல்லார் பதிலும் ஒன்றுமில்லை என்பதுதான். கேட்கிறவர்களும் பாதி தூக்கத்தில் கேட்பார்கள்.

கிளெனிஸின் முறை வந்தது.

“பாத்தது அஞ்சு. சுட்டது ஒண்ணு. காயத்தோட ஓடினது அதே ஒண்ணுதான். சைலன்சர் என் பையில இருந்துச்சு. கொடியில மாட்டுதுன்னு கழட்டினேன், திரும்ப மாட்ட மறந்துட்டேன்.”

ராவிரி அடுப்பில் விறகைத் தள்ளினான். அவளை யாரும் கேலி செய்யவில்லை என்பதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இளையவன் யாராவது இப்படிச் செய்திருந்தால் இந்நேரம் ஆளாளுக்குக் கிழித்திருப்பார்கள்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனவளின் பின்னாலேயே பெட்ரா வந்தாள். கிளெனிஸ் முந்திக்கொண்டாள். வண்டிச் சாவி எங்கே இருக்கிறது, சாலை முனைக்கு எப்போது இறங்க வேண்டும் என்று கேட்டாள்.

“நான் சொன்னது, நடக்க முடியாம வரிசைய நிறுத்துறதப் பத்தி” என்றாள் பெட்ரா. “இது வேற.”

“நின்னது நின்னதுதானே. உன் உதட்டப் பாத்தேன்.”

“சும்மா விட்டுட்டு வந்திருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“தெரிஞ்சிருக்காது.”

பெட்ரா விறகைக் கையில் அடுக்கிக்கொண்டாள். “வண்டிக்கு வேற ஆளப் பாக்குறேன். ஆனா நாளையிலருந்து நீங்க ஆத்தோரம். உங்க இடத்துக்குக் கோலின் ஏறட்டும். மேட்டுல ஏறி ஏறி நீங்க களைச்சுப் போயிருந்தீங்க. அதனாலதான் மறந்தீங்க. இல்லன்னு சொல்லாதீங்க.”

கிளெனிஸ் மிச்ச விறகை எடுத்துக்கொண்டாள்.

வேண்டியது கிடைத்துவிட்டது, இன்னும் வரிசையில்தான் இருக்கிறாள். சந்தோஷம் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். நாளைக்கும் நடக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் தட்டுப்பட்டது. உள்ளே போய் ஈரக் காலுறைகளை அடுப்புக்கு மேல் கம்பியில் போட்டாள். ராவிரி தன் காலுறைகளைத் தள்ளி இடம் விட்டான். ஆற்றோரம் போகிறீர்களாமே, அங்கே மணல் ஈ பிடுங்கித் தின்றுவிடும் ஆன்ட்டி என்றான். மேட்டில் உன் பேச்சைக் கேட்பதற்கு ஈ எவ்வளவோ மேல் என்றாள் அவள். அப்போதுதான் மேசையில் எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மற்ற மூவரும் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு அவரவர் மேட்டுக்குக் கிளம்பினார்கள். ஆற்றோரம் நடப்பவர் மட்டும் அவர்கள் ஏறி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்துப் புறப்பட்டால் போதும். இருபத்திரண்டு ஆண்டில் கிளெனிஸ் அந்த இடத்தில் நடந்ததே இல்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தவள், மறுபடியும் படுத்துத் தூங்கிப்போனாள்.